பம்பரம் கேம்ஷாப்ட் மாற்றிய கதை

தையல் கம்பெனியில் அவனுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். மேலாளர்கூட ஒலிபெருக்கியில், "பம்பரம், கடைசி லைனுக்கு வாங்க" என்றுதான் அழைப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆள் அங்கே போய் நின்றிருப்பான். நூல் அறுகிறதா, ஊசி முறிகிறதா, தையல் விட்டுப் போகிறதா, மிஷினின் தலையைச் சாய்த்து அடியில் ஒரு திருகு திருகிவிட்டு அடுத்ததற்கு ஓடுவான். நல்ல மெக்கானிக். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் என்று சிலரைச் சொல்வோம் இல்லையா, அந்த வகை. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். டிவி பார்க்கும்போது ரிமோட்டைப் பிரித்துப் போட்டுவிடுவான். கல்யாணத்துக்கு எடுத்த புகைப்படங்களில் பாதிக்கு மேல் மணமகள் மட்டும் தெளிவாக இருக்கிறாள், பக்கத்தில் மணமகன் கலங்கலாக, ஏதோ ஆவி மாதிரி நிற்கிறான். புகைப்படக்காரர் "அசையாதீங்க" என்று கெஞ்சியது இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் பேச்சு.

மனைவி அதற்கு நேர்மாறு. ஊரை ஒட்டிய மலை ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மருத்துவமனையில் நர்ஸ். பேச்சும் நடையும் நிதானம். வேலை முழுக்க நின்றபடி. அது முடிந்ததும் பஸ்ஸிலும் நின்றபடி. மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி வீடு வந்து சேரும்போது அவள் கணுக்கால்கள் வீங்கியிருக்கும். செருப்பைக் கழற்றியதும் வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவாள். மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனபின் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதிலும் ஒருத்தி களைத்து உட்கார்ந்திருப்பாள், ஒருத்தன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பான்.

அந்த வாரம் மருத்துவமனையில் அவளுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். வளாகத்துக்குள்ளேயே வீடு. குடும்பத்தோடு இருக்கலாம். வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவள் சமையலறை வாசலில் நின்று இதைச் சொன்னபோது அவன் குக்கர் மூடியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நாம ரெண்டு பேரும் அங்க போயிடலாங்க. உங்க கம்பெனிக்கு நீங்க அங்கருந்து வண்டியில வந்துக்கலாம்."

"பொண்டாட்டிக்குக் குடுத்த வீட்டுல நான் போய் உக்காரணுமா? கம்பெனியில சிரிக்க மாட்டாங்க?"

"யாரு சிரிப்பா?"

"எல்லாரும்தான். அதெல்லாம் சரிப்படாது. உனக்கு இப்ப என்ன பிரச்சனை, பஸ்தானே?"

"கால் வலி."

"பஸ்ஸாலதானே கால் வலி? நானே தினமும் கொண்டுபோய் விட்டுடறேன்."

"உங்க சைரனுக்குள்ள திரும்பி வர முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அது உண்மைதான். அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும். அவளை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கம்பெனி சைரன் ஊதி, கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் இதைக் கேட்ட அந்த நொடியிலேயே அவன் மூளைக்குள் ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது. குக்கர் மூடியைக் கீழே வைத்தான். வண்டி மெதுவாகப் போவதுதானே சிக்கல்? வண்டியை வேகமாக ஓட வைத்துவிட்டால் வீடு மாற வேண்டிய பேச்சே இல்லை. மனைவிக்கு வந்த கால் வலிக்கு மோட்டார் சைக்கிளுக்கு வைத்தியம் பார்க்கும் புத்தி வேறு யாருக்கு வரும்?

"திங்கக்கிழமை வரைக்கும் பொறு. காலையில வண்டியில உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பிட்டா குவார்ட்டர்ஸ் வேணாம்னு சொல்லிடு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தான்.

ஃபோனில் அவன் பார்த்தது ஒரு வீடியோ. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர், இதே மாதிரி வண்டியில் கேம்ஷாப்டை மட்டும் மாற்றிவிட்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். கேம்ஷாப்ட் என்பது என்ஜினின் தலைக்குள் சுழலும் ஒரு சிறிய இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். அந்த மேடு வந்து தள்ளும்போதுதான் வால்வு திறக்கும், பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும், புகை வெளியே வரும். மேடு கொஞ்சம் உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், என்ஜின் இன்னும் நிறையச் சுவாசிக்கும். வீடியோக்காரர் சொன்னது இவ்வளவுதான். பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தையல் மிஷினிலும் கேம் உண்டு. ஊசி இறங்குவதும் நூலை இழுப்பதும் அதன் மேட்டுப் பள்ளக் கணக்கில்தான். இத்தனை வருஷம் அதோடுதானே குடித்தனம் நடத்துகிறான்? உதிரிபாகக் கடையில் அப்படி ஒரு தண்டு இருக்கிறதா என்று விசாரித்து, மறுநாளே மத்தியானத்துக்கு மேல் அரைநாள் விடுப்புப் போட்டு வாங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலையில் வண்டி ஹாலுக்குள் வந்தது. வாசலில் தூசி பறக்கும், என்ஜினைத் திறந்து வைத்திருக்கும்போது ஒரு மண் துகள் போனாலும் கெட்டது என்றான். சோபாவைச் சுவரோடு தள்ளி, பழைய போர்வையை விரித்து, டிவிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். அந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கும் விடுமுறை. அவள் சோபாவில் கால்களைத் தூக்கி ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிவி மறைக்குது."

"இதைவிட என்ன பெரிய படம் டிவியில ஓடுது?"

சீட்டைக் கழற்றினான். டாங்கைக் கழற்றி வராந்தாவில் வைத்தான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் காலி முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டான். என்ஜினின் தலைமூடியைத் திறந்ததும் உள்ளே எண்ணெய் பளபளப்போடு பழைய கேம்ஷாப்ட் தெரிந்தது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி என்ஜினுக்குள் சுழலும் சக்கரத்தைத் திருப்பி, அதற்கான குறி நேராக வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு கேம்ஷாப்டைச் சுற்றும் சின்னச் செயினைத் தளர்த்தினான். அந்தச் செயின் கைதவறி உள்ளே விழுந்தால் பாதி என்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். அதனால் கம்பெனியில் ஜீன்ஸ் தைக்கும் தடித்த நூலால் அதைக் கட்டி, இன்னொரு முனையை அவளிடம் நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடி."

அவள் சோபாவில் படுத்தபடியே நூலைப் பிடித்துக்கொண்டாள். "விட்டா என்ன ஆகும்?"

"நாளைக்கும் வண்டி ஹால்லயே இருக்கும்."

"இறுக்கியே பிடிச்சுக்கறேன்."

பழையது வெளியே வந்தது. புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மேடு அப்படியொன்றும் பெரிதாக வித்தியாசம் இல்லை. இவ்வளவுதானா என்று ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டுகொள்ளவில்லை. எண்ணெய் தடவி, உள்ளே இறக்கி, செயினை மாட்டி, கையால் சக்கரத்தை மெல்லத் திருப்பினான். பாதியில் 'டக்' என்று நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். மறுபடி கழற்றினான். மறுபடி மாட்டினான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலை முழுக்க அவன் கால் ஆடவே இல்லை. போர்வைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். வால்வுக்கும் அதைத் தள்ளும் கரத்துக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்க்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். ஆனால் உள்ளுக்குள் அப்படி அமைதியாக இருந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாரைச் சுற்றி வருவது? இதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஸ்பேனர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடியெல்லாம் போட்டு, வண்டியை வாசலுக்குத் தள்ளிக் கிளப்பினான். கிளம்பியது. ஆனால் முன்பு மாதிரி நிதானமாகத் துடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே கோபக்காரன் மாதிரி உறுமியது, விக்கியது, மறுபடி உறுமியது. அவன் பிரதான சாலைக்கு ஓட்டிப் போனான். நேரான சமதளச் சாலை. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக, பாதி வேகம் வரை சாதாரணமாக இருந்த வண்டி, அதைத் தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. சட்டை படபடத்தது. கண்ணில் நீர் வந்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தான். தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து, "முடிஞ்சது. நாளைக்குப் பாரு" என்று மட்டும் சொன்னான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கம்பெனியில் அவனிடம் எல்லோரும் வாங்கிக்கட்டிக்கொள்ளும் திட்டு ஒன்று உண்டு. மிஷினைச் சரிசெய்துவிட்டுத் துணி வைக்காமல் வெறும் மிஷினை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று எவனாவது சொன்னால் பம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். "துணி இல்லாம எந்த மிஷினும் நல்லாத்தான்டா ஓடும்" என்று கத்துவான். அப்படிக் கத்துகிற மனிதன், பின்சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல், ஏற்றத்துப் பக்கமே போகாமல், வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றான். அவனைத் திட்டத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தலை வாரி முடிப்பதற்குள் செருப்பைத் துடைத்து வைத்தான், கதவைப் பூட்டினான், பூட்டிய கதவைத் திறந்து ஃபேனை அணைத்தான், மறுபடி பூட்டினான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஊருக்குள் போகும்வரை பரவாயில்லை. ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் குணம் மாறியது.

முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தான். குறைத்ததும் என்ஜின் திணறியது. சரியென்று திருகினால் முன்சக்கரம் தூக்கப் பார்த்தது, அவள் அவன் தோளை நகம் பதியப் பிடித்தாள். விட்டால் இருமியது. நடுவே ஒரு நிலை இருக்க வேண்டுமே, அது இல்லை. தையல் மிஷினில் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், முதல் தையலிலும் அதே பலம்தான். இந்த என்ஜின் அப்படி இல்லை. மெதுவாகப் போகும்போது இருந்த இழுவையைப் பிடுங்கி, அதையெல்லாம் வேகத்துக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு, வளைவுக்கு வளைவு நின்று நிதானித்து ஏறுகிற சாலையில் அந்த வேகத்தை எங்கே போய் எடுப்பது?

இரண்டாவது வளைவில் வண்டி அணைந்தது. கிளப்பினான். கொஞ்ச தூரத்தில் மறுபடி அணைந்து, ஓரடி பின்னால் உருண்டது. அவள் இறங்கிக்கொண்டாள்.

"நீங்க மேல போய் நில்லுங்க. நான் நடந்து வரேன்."

"வேணாம் வேணாம், ஏறு. சூடேறினா சரியாயிடும்."

"எனக்கு டூட்டிக்கு நேரமாகுதுங்க."

அதற்குள் பின்னால் பஸ் வந்தது. அவள் தினமும் போகும் அதே பஸ். அவள் கையைக் காட்டினாள், நின்றது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் அவனையும் வண்டியையும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் உறுமிக்கொண்டு நிதானமாக ஏறிப் போனது.

அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். கம்பெனிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கை தானாக ஆக்சிலரேட்டரைத் திருகியது. பின்சீட்டில் பாரம் இல்லாத வண்டி, ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பியது. அவன் விடாமல் திருகினான். அம்பு மாதிரி ஏறியது. நாலாவது வளைவுக்கு அப்பால் பஸ்ஸைத் தாண்டினான். தாண்டும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்ததா என்று பார்க்கக்கூட நேரமில்லை, அவ்வளவு வேகம். ஏற்றத்தின் உச்சியைக் கடந்து, இறக்கத்தில் வழுக்கி, மருத்துவமனை வாசலில் போய் நின்றபோதுதான் தன் கூட யாரும் வரவில்லை என்பது அவனுக்கு முழுதாக உறைத்தது.

பஸ் வரவில்லை. நின்றான். நடந்தான். பார்வையாளர் நேரம் எழுதியிருந்த பலகையை ஒரு முறைக்கு நாலு முறை படித்தான். காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். "ஒருத்தங்க வருவாங்க" என்றான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ் வரிசை தெரிந்தது. ஒரே மாதிரி மஞ்சள் சுவர்கள். ஒரு வீட்டு வாசலில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்தி, ரோட்டைத் தாண்டி நேராக மருத்துவமனைக்குள் போனாள். அவ்வளவுதான் அவள் பயணம். பம்பரம் அந்தப் பெண் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்நேரம் கம்பெனியில் சைரன் ஊதியிருக்கும். இத்தனை வருஷத்தில் அவன் இல்லாமல் ஊதியதில்லை.

பஸ் வந்தது. படியில் ஒவ்வொரு காலாக வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். அவள் இறங்குவதை அவன் எதிரே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப நேரமாச்சா வந்து?" என்றாள்.

"ஆமா." பிறகு கடகடவென்று சொல்ல ஆரம்பித்தான். "பழைய கேமையே திரும்பப் போட்டுடறேன். இல்லன்னா பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெருசா மாத்தினா இழுவை வந்துடும். ஒரு வாரம் டைம் கேளு. நானே வந்து உங்க ஆபீஸ்ல பேசறேன்."

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேங்க."

அவன் திரும்பி வண்டியைப் பார்த்தான்.

"சரின்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் அன்னைக்கு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில சொல்லலாம்னு எழுந்து வந்தா, ஹால்ல வண்டி நிக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாள் நான் எதுக்கு..."

"ரெண்டு நாள் ஒரே எடத்துல உக்காந்திருந்தீங்க. கல்யாணம் ஆனதுலருந்து உங்களை நான் அப்படிப் பார்த்ததே இல்ல. கெடுக்க மனசு வரல."

ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவனுக்குக் கோபம் வந்தது, ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் வரலைன்னா?" என்றான்.

அவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்பவும் நான் இங்கதாங்க இருப்பேன். எனக்கு முடியல." குரல் உயரவே இல்லை. "வண்டியை நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. எங்க பஸ்ஸை எப்படித் தாண்டினீங்க, பார்த்தேன். ஒரு ஆளுக்கு அது போதும். இங்கருந்து நீங்க கம்பெனிக்குப் போயிட்டு வாங்க. உங்களுக்கு ஓடணும், எனக்கு உக்காரணும். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்."

அவன் ஆக்சிலரேட்டரின் பிடியில் ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் தேய்த்தான். டூட்டிக்கு நேரமாகியும் அவள் நின்றாள்.

கடைசியில் வேலிக்கு அப்பால் இருந்த மஞ்சள் சுவர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"உள்ள வண்டி நிறுத்த எடம் இருக்கா?"

"இருக்கு. மேல தகரம் போட்டிருக்கு, மழையில நனையாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதைத்தான் முதல்ல கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.